பழைய எண்ணெயிலிருந்து டீசல்: வழி இரண்டு, தலைவலி ஒன்று

பலகாரம் சுட்டு மீந்த எண்ணெயை டீசலாக்கலாம் என்றதும் பலரும் ஒரே ஒரு முறையைத்தான் நினைத்துக்கொள்கிறார்கள். ஆனால் அந்த எண்ணெயிலிருந்து வருவது இரண்டு வேறு வேறு எரிபொருள்கள். ஒன்று பயோடீசல். மெத்தனால் என்ற ஆல்கஹாலும் காரமும் (காஸ்டிக் சோடா போன்றது) சேர்த்து, அறுபது டிகிரிக்கு மேல் போகாத சூட்டில், ஒரு சின்னக் கொட்டகையிலேயே செய்துவிடலாம். மற்றது புதுப்பிக்கத்தக்க டீசல்; எச்.வி.ஓ. (ஹைட்ரஜனேற்றிய தாவர எண்ணெய் என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்று எழுதப்படுவது இதுதான். இதற்கு ஹைட்ரஜனும் பெரும் அழுத்தமும் 300 டிகிரிக்கு மேற்பட்ட சூடும் வேண்டும், அதாவது ஒரு சுத்திகரிப்பு ஆலையே வேண்டும். பெயர்தான் ஒன்றுபோல் ஒலிக்கிறது. வேதியியலில் இரண்டும் பங்காளிகள்கூட இல்லை. ஆனால் இரண்டுக்கும் தொல்லை ஒரே இடத்திலிருந்துதான் வருகிறது: சட்டியில் கிடந்த காலத்தில் அந்த எண்ணெய்க்கு என்னென்ன ஆயிற்று என்பதிலிருந்து.

எண்ணெய் ஏன் டீசல் ஆகாது

எந்தத் தாவர எண்ணெயானாலும் அதன் மூலக்கூறு ஏறக்குறைய ஒரே அமைப்புதான். ஒரு கொக்கியில் மூன்று கயிறுகளைக் கட்டித் தொங்கவிட்டாற்போல் இருக்கும். கொக்கி கிளிசரின். கயிறுகள் கொழுப்பு அமிலங்கள்; ஒவ்வொன்றிலும் பெரும்பாலும் 16 அல்லது 18 கார்பன் அணுக்கள். டீசலில் இருப்பதும் ஏறத்தாழ அதே நீளமுள்ள கயிறுகளே, ஆனால் அவை தனித்தனியாக இருக்கும். மூன்று கயிறுகள் ஒரே கொக்கியில் தொங்குவதால் எண்ணெய் மூலக்கூறு டீசலைப்போல் மூன்று மடங்குக்கு மேல் கனக்கிறது, ஒன்றோடொன்று சிக்கிக்கொள்கிறது, பாகுபோல் ஓடுகிறது. 40 டிகிரியில் டீசலின் பாகுத்தன்மை 2 முதல் 4.5 சென்டிஸ்டோக், சமையல் எண்ணெய்க்கு 35 முதல் 40.

இந்தப் பத்து மடங்கு தடிப்பில்தான் விஷயம் இருக்கிறது. எண்ணெயை அப்படியே டாங்கியில் ஊற்றினால் எஞ்சின் ஓடத்தான் ஓடும். முதல் நாள் ஒன்றும் தெரியாது. ஆனால் இன்ஜெக்டர் அதைப் பனிபோல் தெளிக்க முடியாமல் துளித்துளியாகத் துப்புகிறது. எரியாத துளி நாசிலின் முனையில் கரியாகப் படிகிறது, பிஸ்டன் ரிங்குகளை ஒட்டவைக்கிறது, சுவர் வழியாக இறங்கி எஞ்சின் ஆயிலைக் கூழாக்குகிறது. சில நூறு மணி நேரம் ஓடியபின் பிரித்துப் பார்த்தால் கணக்கு புரியும்.

ருடால்ஃப் டீசல் 1893 ஆகஸ்ட் 10-இல் நிலக்கடலை எண்ணெயில் எஞ்சினை ஓட்டினார் என்று ஒரு கதை ஆண்டுதோறும், உலக உயிரி எரிபொருள் நாளன்று, சுற்றி வரும். அன்று ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க்கில் அவருடைய எஞ்சின் முதன்முதலாகச் சோதிக்கப்பட்டது உண்மை. அதற்கு ஊற்றியது பெட்ரோலிய எரிபொருள். கடலை எண்ணெயில் ஓடிய டீசல் எஞ்சின் 1900-இல் பாரிஸ் கண்காட்சியில் இருந்தது, அதை ஓட்டிக் காட்டியது ஓட்டோ நிறுவனம். எண்ணெயை டீசலுக்கேற்றபடி மெலிதாக்கும் வழிக்குக் காப்புரிமை வாங்கியவர் பெல்ஜியத்தின் சவான், 1937-இல். பனை எண்ணெயையும் எத்தனாலையும் வைத்து அவர் செய்ததுதான் இன்றைய பயோடீசலின் மூதாதை.

சட்டியில் நடப்பது

ஈர மாவு எண்ணெயில் விழுந்ததும் சுர்ரென்று பொங்குகிறதே, அந்த நீராவி எண்ணெயையும் உடைக்கிறது. கொக்கியிலிருந்து சில கயிறுகள் அறுந்து விழுகின்றன. அறுந்த கயிறுதான் கட்டற்ற கொழுப்பு அமிலம். புதிய சுத்திகரித்த எண்ணெயில் இது 0.25 சதவீதத்தைத் தாண்டாது. உணவகத்தில் பல முறை காய்ந்த எண்ணெயில் 2 முதல் 7 சதவீதம் வரை சாதாரணமாக இருக்கும். கூடவே காற்று பட்டு ஆக்சிஜன் ஏறுகிறது. சிக்கு வாடை அதனால்தான். நாள் முழுக்கச் சூடு தாங்கிய மூலக்கூறுகள் ஒன்றோடொன்று ஒட்டிப் பெரிதாகின்றன. எண்ணெய் கறுத்துத் தடித்து, நுரை அடங்காமல் பொங்குவது அந்தக் கட்டத்தில். இவை போதாதென்று உப்பு, மாவுத்தூள், மிளகாய்ச் சிவப்பு, தண்ணீர்.

இந்தச் சிதைவுப் பொருள்களையெல்லாம் சேர்த்து அளப்பதற்கு மொத்தத் துருவச் சேர்மங்கள் என்று ஓர் அளவை உண்டு. இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018 ஜூலை 1 முதல் இதற்கு 25 சதவீதம் என்று வரம்பு வைத்திருக்கிறது. அதைத் தாண்டிய எண்ணெயில் சமைக்கக்கூடாது. சமைக்க ஆகாதது எரிபொருளுக்கு ஆகும், ஆனால் எவ்வளவு எளிதாக ஆகும் என்பதுதான் வேறுபடுகிறது.

முதலில் எண்ணெயைத் தெரிந்துகொள்ளுதல்

பயோடீசல் செய்பவர்களில் பெரும்பாலோர் தோற்பது இந்த இடத்தில். வினை எளிது; அதனால் அவசரப்படுகிறார்கள்.

எண்ணெயை 50 டிகிரிக்குச் சூடாக்கி, முதலில் பழைய துணி, பிறகு நெருக்கமான சல்லடை அல்லது ஃபில்டர் பை வழியாக வடிக்க வேண்டும். ஆறிய எண்ணெயில் வடிகட்டி அடைத்துக்கொள்ளும். அடுத்தது தண்ணீர். ஒரு கரண்டி எண்ணெயைக் காய்ந்த வாணலியில் விட்டால் சடசடவென்று வெடிக்கிறதா என்று பாருங்கள். வெடித்தால் தண்ணீர் இருக்கிறது. மொத்த எண்ணெயையும் 60 டிகிரிக்குச் சூடாக்கி ஓரிரவு அசையாமல் வைத்து, அடியில் இறங்கிய மண்டியையும் நீரையும் குழாய் வழியாக விட்டுவிடலாம். மிச்சத்தை 110 டிகிரி வரை மெதுவாகக் கலக்கியபடியே காய்ச்சிச் சத்தம் அடங்கும்வரை வைக்கலாம். கலக்காமல் காய்ச்சினால் அடியில் தேங்கிய நீர் ஒரேயடியாக ஆவியாகிக் கொதி எண்ணெயை வெளியே தூக்கி எறியும். வீட்டு அடுப்பில் செய்யும் வேலை அல்ல இது.

பிறகு அமிலத்தின் அளவு. இதற்கு டைட்ரேஷன் என்ற எளிய சோதனை. ஒரு லிட்டர் காய்ச்சி வடித்த நீரில் 1 கிராம் பொட்டாசியம் ஹைட்ராக்சைடைக் கரைத்துக்கொள்ளுங்கள். 10 மி.லி. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் 1 மி.லி. எண்ணெயைக் கலக்குங்கள். அதில் நிறங்காட்டி நாலைந்து துளி. ஃபினால்ஃப்தலீன் கிடைக்காவிட்டால் மஞ்சள்தூளை அதே ஆல்கஹாலில் ஊறவைத்து வடித்தது போதும். ஆரத்தித் தட்டில் மஞ்சள் நீரோடு சுண்ணாம்பு சேர்ந்ததும் சிவக்கிறதே, அதே வித்தைதான் இங்கே அளவுகோல். சிரிஞ்சில் காரக் கரைசலை எடுத்துச் சொட்டுச் சொட்டாக விட்டுக் கலக்க, மஞ்சள் செம்பழுப்பாக மாறி அரை நிமிடம் அப்படியே நின்றால் முடிந்தது. எத்தனை மி.லி. செலவானது என்று குறித்துக்கொள்ள வேண்டும்.

அந்த எண் நேரடியாகக் கிராம் ஆகிறது என்பதுதான் இதில் அழகு. 3 மி.லி. செலவானால், ஒரு லிட்டர் எண்ணெயில் உள்ள அமிலத்தை அடக்கவே 3 கிராம் காரம் போய்விடும் என்று பொருள். ஏறத்தாழ 1.5 சதவீதக் கட்டற்ற அமிலம். ஆல்கஹாலே சிறிது அமிலமாக இருக்கும். எண்ணெய் விடுமுன் அதில் ஒன்றிரண்டு சொட்டுக் காரம் விட்டு நிறம் மாறும் விளிம்புக்குக் கொண்டுவந்து வைத்துக்கொண்டால் கணக்கு பிசகாது. மூன்று முறை செய்து சராசரி எடுங்கள். 1 மி.லி. எண்ணெயை அளப்பதில் ஏற்படும் சிறு பிழை ஆயிரம் மடங்காகப் பெருகிவிடும்.

ஒரு லிட்டர் கணக்கு

சோதனைத் தொகுதியை எப்போதும் ஒரு லிட்டரில் செய்து பார்த்துவிட்டுத்தான் ஐம்பது லிட்டருக்குப் போக வேண்டும். மேலே சொன்ன எண்ணெயையே, டைட்ரேஷன் 3 வந்ததையே, எடுத்துக்கொள்வோம்.

காரம் இரண்டு வேலை செய்கிறது. கட்டற்ற அமிலத்தைச் சோப்பாக்கி ஒதுக்குவது ஒன்று. கொக்கியிலிருந்து கயிற்றைக் கழற்றும் வினைக்கு ஊக்கியாக, அதாவது தான் செலவாகாமல் வினையை விரைவுபடுத்துவதாக, நிற்பது மற்றொன்று. இரண்டாவதற்குத் தூய பொட்டாசியம் ஹைட்ராக்சைடு லிட்டருக்கு 7 கிராம் வேண்டும். கடையில் கிடைப்பது 90 சதவீதத் தூய்மைதான் என்பதால் 7.8 கிராம். அதோடு டைட்ரேஷன் 3, மொத்தம் 10.8 கிராம். காஸ்டிக் சோடா மலிவு, அதிலும் செய்யலாம். அப்போது அடிப்படை அளவு சுமார் 5 கிராம், டைட்ரேஷனையும் அதிலேயே செய்ய வேண்டும். ஆனால் காஸ்டிக் சோடாவில் வரும் கிளிசரின் ஆறியதும் கட்டியாக இறுகிக் குழாயை அடைக்கும். பொட்டாசியம் கொஞ்சம் விலை கூடினாலும் மெத்தனாலில் சுலபமாகக் கரையும், கிளிசரின் ஓடும் நிலையிலேயே இருக்கும். முதல்முறை செய்பவர்கள் அதையே எடுத்துக்கொள்வது நல்லது.

மெத்தனால் 220 மி.லி. கணக்குப்படி மூன்று கயிற்றுக்கு மூன்று மெத்தனால், அதாவது ஒரு லிட்டருக்கு 127 மி.லி.தான் செலவாகும். ஆனால் இந்த வினை முன்னும் போகும், பின்னும் வரும். முன்னோக்கித் தள்ள மெத்தனாலைத் தாராளமாக விட வேண்டியிருக்கிறது. மீந்ததைப் பிறகு காய்ச்சி மீட்டுக்கொள்ளலாம்.

மூடியுள்ள, தடித்த பிளாஸ்டிக் பாத்திரத்தில் மெத்தனாலை விட்டு, காரத்தை அதில் சிறிது சிறிதாகப் போட்டு முழுக்கக் கரையும்வரை குலுக்க வேண்டும். சூடாகும், பாத்திரம் உப்பும். இடையிடையே மூடியைத் தளர்த்துங்கள். அலுமினியப் பாத்திரம் கூடவே கூடாது. காரம் அலுமினியத்தைத் தின்று ஹைட்ரஜனை வெளியேற்றும், பக்கத்தில் மெத்தனால் ஆவி இருக்கும். மிச்சத்தைச் சொல்ல வேண்டாம். எவர்சில்வர் நல்லது.

எண்ணெயை 55 டிகிரிக்குக் கொண்டுவந்து, அடுப்பை அணைத்துவிட்டு, இந்தக் கரைசலை விட்டு, ஒரு மணி நேரம் விடாமல் வேகமாகக் கலக்க வேண்டும். மெத்தனால் 64.7 டிகிரியில் கொதிக்கும் என்பதால் சூடு 60-ஐத் தாண்டக்கூடாது. கலக்குவதில் சோம்பல் கூடாது. மெத்தனாலும் எண்ணெயும் தாமாகச் சேராதவை. பிறகு அசையாமல் எட்டு மணி நேரம். அடியில் கருஞ்சிவப்பாகக் கிளிசரின் இறங்கும், மேலே பொன்னிறத்தில் பயோடீசல் நிற்கும். கிளிசரின் அடுக்கு 150 முதல் 200 மி.லி. இருக்கும், அதில் மெத்தனாலில் ஒரு பங்கும், காரமும், சோப்பும் கலந்திருக்கும். இதை அப்படியே மண்ணில் கொட்டக்கூடாது. மெத்தனாலைக் காய்ச்சி எடுத்தபின் சாண எரிவாயுக் கலனுக்குச் சிறு அளவில் ஊட்டலாம்.

கைதேர்ந்தவர்கள் காரக் கரைசலில் ஐந்தில் நான்கு பங்கை முதலில் விட்டு, கிளிசரினை வடித்துவிட்டு, மீதி ஒரு பங்கை விட்டு மறுபடி கலக்குவார்கள். கிளிசரின் விலகியதும் பின்னோக்கி வர வினைக்கு ஆள் இல்லாமல் போகிறது. ஒரே தவணையில் முடியாத கடைசிச் சில சதவீதம் இதில் முடிந்துவிடும்.

கெட்டுப்போவது எப்படி

கலக்கி வைத்தது பிரியவே இல்லை, முழுக்கக் கூழாக நிற்கிறது என்றால் சோப்பு. தண்ணீர் மிஞ்சியிருக்கும், அல்லது டைட்ரேஷனைத் தவிர்த்துவிட்டுக் குத்துமதிப்பாகக் காரத்தைக் கொட்டியிருப்பார்கள். கிளிசரினே இறங்கவில்லை, எண்ணெய் அப்படியே இருக்கிறது என்றால் காரம் போதவில்லை. காற்றுப்பட்ட காரத்துண்டுகள் ஈரத்தையும் கரியமில வாயுவையும் உறிஞ்சிச் செத்திருக்கும். டப்பாவை இறுக மூடாமல் வைத்தால் மழைக்காலத்தில் ஒரு வாரம் போதும்.

மிகவும் ஏமாற்றுவது மூன்றாவது வகை. நன்றாகப் பிரிந்திருக்கும், பார்க்க அழகாக இருக்கும், ஆனால் வினை 90 சதவீதத்தில் நின்றிருக்கும். கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. இதற்கு ஒரு சோதனை: 27 மி.லி. மெத்தனாலில் 3 மி.லி. பயோடீசலை விட்டு நன்கு குலுக்கிப் பத்து நிமிடம் வையுங்கள். பயோடீசல் மெத்தனாலில் கரையும், மாறாத எண்ணெய் கரையாது. அடியில் ஒரு துளி தேங்கினாலும் மறுபடி வினைக்கு அனுப்ப வேண்டும். இதை 20 டிகிரியையொட்டிச் செய்ய வேண்டும் என்பதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். சித்திரை வெயிலில் 38 டிகிரியில் செய்தால் அரைகுறை எண்ணெயும் கரைந்து தேறிவிட்டதுபோல் காட்டும். குளிர்ந்த நீரில் குப்பியை வைத்துவிட்டுச் செய்யுங்கள்.

கழுவுதல் அடுத்தது. பயோடீசலின் அளவில் மூன்றில் ஒரு பங்கு வெதுவெதுப்பான நீரை முதல் தடவை மேலே மெல்லத் தெளித்து இறங்கவிட வேண்டும். முதல் கழுவலிலேயே கலக்கினால் சோப்பு நீரையும் பயோடீசலையும் பிணைத்துக் கடைந்த தயிர்போல் ஆக்கிவிடும். அப்படி ஆனால் வெந்நீரும் கொஞ்சம் உப்பும் சேர்த்துப் பொறுமையாக வைத்திருந்தால் பெரும்பாலும் பிரியும். மூன்று நான்கு கழுவலில் நீர் தெளிவாக வெளியேறும். கழுவிய பயோடீசல் கலங்கலாக இருக்கும். 55 டிகிரிக்குச் சூடாக்கிக் காற்றுப்பட ஓடவிட்டால் நீர் போய்த் தெளியும். கண்ணாடிக் குப்பிக்குப் பின்னால் வைத்த செய்தித்தாளைப் படிக்க முடிந்தால் சரி. தரநிர்ணயம் கேட்பது இதைவிடக் கறார்: நீர் கிலோவுக்கு 500 மில்லிகிராமுக்குள், மெத்தனால் 0.2 சதவீதத்துக்குள், அமில எண் 0.5-க்குள், பாகுத்தன்மை 3.5 முதல் 5 வரை. இந்தியாவில் தூய பயோடீசலுக்கான தரம் ஐ.எஸ். 15607.

மெத்தனாலைப் பற்றி ஒரு வார்த்தை. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டோரின் உயிரைக் குடித்த கள்ளச்சாராயத்தில் இருந்தது இதுதான். குடித்தால் மட்டுமல்ல, தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் உடலில் ஏறும். பகல் வெளிச்சத்தில் இது எரியும் சுடர் கண்ணுக்கே தெரியாது. தமிழ்நாட்டில் மெத்தனாலை வாங்கவும் வைத்திருக்கவும் 1959-ஆம் ஆண்டு விதிகளின்படி உரிமம் வேண்டும். உரிமமில்லாமல் ஒரு கேனை வாங்கி வீட்டில் சோதித்துப் பார்க்கலாம் என்ற எண்ணம் வேண்டாம். முறையான கூடத்தில், காற்றோட்டத்தில், கையுறையும் கண்ணாடியும் அணிந்து செய்ய வேண்டியது.

அமிலம் மிகுந்தால்

டைட்ரேஷன் 6-ஐத் தாண்டினால், அதாவது கட்டற்ற அமிலம் 3 சதவீதத்தைக் கடந்தால், மேற்சொன்ன வழி நட்டம். காரம் முழுக்கச் சோப்பாகும், சோப்பு நல்ல பயோடீசலையும் இழுத்துக்கொண்டு போகும். அப்போது முதலில் அமில வழி. அடர் கந்தக அமிலத்தை ஊக்கியாக வைத்து, கட்டற்ற அமிலத்தையே மெத்தனாலோடு சேர்த்துப் பயோடீசலாக்கிவிடுவது. 10 சதவீதம் அமிலமுள்ள ஒரு லிட்டருக்கு மெத்தனால் சுமார் 260 மி.லி., கந்தக அமிலம் 2.5 மி.லி., 60 டிகிரியில் ஒரு மணி நேரம். அமிலத்தை மெத்தனாலில்தான் விட வேண்டும், மாற்றி அல்ல. வினையில் பிறக்கும் நீர் மெத்தனாலோடு மேலே மிதந்து வரும். அதைப் பிரித்துவிட்டு மறுபடி டைட்ரேஷன் பார்த்து, 2-க்குக் கீழே வந்ததும் கார வழிக்குத் திரும்பலாம்.

புங்கன், காட்டாமணக்கு, இலுப்பை போன்ற சமையலுக்காகாத எண்ணெய்களுக்கு இந்த இரண்டு படியும் பெரும்பாலும் தேவைப்படும். விதை ஈரத்தில் கிடந்தாலே அமிலம் ஏறிவிடும். காட்டாமணக்கை நம்பி இந்தியாவில் எழுந்த பெரிய கனவு கவிழ்ந்தது வேதியியலால் அல்ல. 2009-ஆம் ஆண்டுக் கொள்கை 2017-க்குள் டீசலில் 20 சதவீதம் பயோடீசல் கலப்பு என்றது. தரிசில் தண்ணீரில்லாமல் விளையும் என்று சொல்லி நட்ட செடி, தண்ணீரும் எருவும் இல்லாத இடத்தில் உயிரோடு நின்றதே தவிரக் காய்க்கவில்லை. 2018 கொள்கை இலக்கை 2030-க்குள் 5 சதவீதமாகக் குறைத்துக்கொண்டு, பழைய சமையல் எண்ணெயின் பக்கம் திரும்பியது.

கயிற்றை விட்டு ஆக்சிஜனை மட்டும் உருவுதல்

பயோடீசலில் ஒரு குறை அதன் பிறப்பிலேயே இருக்கிறது. கொக்கியிலிருந்து கழற்றினாலும் ஒவ்வொரு கயிற்றின் நுனியிலும் இரண்டு ஆக்சிஜன் அணுக்கள் தங்கிவிடுகின்றன. நீரை ஈர்ப்பதும், நாள்பட்டால் புளிப்பதும், கிலோவுக்கு டீசலின் 43 மெகாஜூலுக்கு எதிரே 37 மட்டும் தருவதும் இந்த நுனியாலும் கயிற்றிலுள்ள இரட்டைப் பிணைப்புகளாலும்தான். புதுப்பிக்கத்தக்க டீசல் இரண்டையும் ஒழித்துவிடுகிறது.

சுத்தம் செய்த எண்ணெயை ஹைட்ரஜனோடு சேர்த்து, நிக்கல்-மாலிப்டினம் ஊக்கி நிரப்பிய உலையில் 300 முதல் 400 டிகிரியில், பல பத்து மடங்கு வளிமண்டல அழுத்தத்தில் செலுத்துகிறார்கள். இரட்டைப் பிணைப்புகள் நிரம்புகின்றன. ஆக்சிஜன் நீராகவும், ஓரளவு கரியமில வாயுவாகவும் கார்பன் மோனாக்சைடாகவும் வெளியேறுகிறது. கொக்கியான கிளிசரின் வீணாகாமல் புரொப்பேனாகிவிடுகிறது, நம் சமையல் சிலிண்டரில் இருப்பதில் ஒன்று. ஆக்சிஜன் முழுக்க நீராகவே போவதாக வைத்துக் கணக்கிட்டால், ஒலியிக் வகை எண்ணெய் 100 கிலோவுக்கு 3.4 கிலோ ஹைட்ரஜன் செலவாகி, 86 கிலோ டீசல், 5 கிலோ புரொப்பேன், 12 கிலோ நீர் வரும். 3.4 கிலோ என்றால் அற்பமாகத் தெரியும். ஒரு லிட்டர் எண்ணெய்க்குச் சாதாரண அழுத்தத்தில் சுமார் 350 லிட்டர் ஹைட்ரஜன் வாயு அது. பெரும்பாலும் இயற்கை எரிவாயுவிலிருந்து எடுப்பது என்பதால், இந்த டீசல் எவ்வளவு பசுமை என்ற கணக்கில் ஹைட்ரஜனையும் சேர்க்க வேண்டும். பல விளம்பரங்கள் சேர்ப்பதில்லை.

இந்த வினை கடுமையாகச் சூட்டைக் கக்கும். உலையின் சூடு கட்டுமீறாமலிருக்க, செய்து முடித்த டீசலில் ஒரு பங்கையே திரும்பச் சுழற்றி எண்ணெயை நீர்க்கச் செய்கிறார்கள். இடையிடையே குளிர்ந்த ஹைட்ரஜனையும் செலுத்துகிறார்கள்.

வெளிவருவது நேர்க்கயிறு. எரிவதற்கு அருமையானது, ஆனால் 18 கார்பன் நேர்க்கயிறு 28 டிகிரியிலேயே மெழுகாக உறையும். அதனால் இரண்டாவது உலை: பிளாட்டினம் ஏற்றிய ஊக்கியின்மேல் கயிற்றில் கிளைகள் விடச் செய்கிறார்கள். கிளைவிட்ட கயிறுகள் அடுக்காக அடங்காததால் உறையாது. பனி விழும் நாடுகளின் குளிர்காலத்துக்கு வேண்டுமானால் மைனஸ் 30 டிகிரியையும் தாங்கும்படி செய்யலாம். கிளை கூடக் கூட உலையில் நொறுங்கி நாஃப்தாவாக (டீசலைவிட இலேசான, பெட்ரோலைப்போன்ற திரவம்) போகும் பங்கும் கூடும்; ஆலைக்காரர் கவலை அது.

இங்கே எண்ணெயின் குற்றங்கள் வேறு முகம் காட்டுகின்றன. பயோடீசலைக் கெடுக்கும் கட்டற்ற அமிலம் இங்கே பெரிய எதிரி அல்ல; அதுவும் டீசலாகிவிடும், குழாய்களை அரிக்காத உலோகத்தில் செய்தால் போதும். எதிரிகள் பாஸ்பரஸும் சோடியமும் கால்சியமும் குளோரினும். வடையில் போட்ட உப்பு இங்கேதான் கணக்குக் கேட்கிறது. குளோரின் ஹைட்ரஜனோடு சேர்ந்து ஹைட்ரோகுளோரிக் அமிலமாகி எவர்சில்வரையே விரிசல் விடச் செய்யும். பாஸ்பரஸும் உலோகங்களும் ஊக்கியின்மேல் மேலோடுபோல் படிந்து உலையையே அடைத்துவிடும். ஆகவே உலைக்கு முன்னால் அமிலத்தால் பசை நீக்கி, நீரால் கழுவி, வெளுக்கும் களிமண்ணில் வடித்து, அதற்குப் பிறகும் ஒரு காவல் படுகையில் பழைய ஊக்கியைப் பலிகொடுத்துத்தான் உள்ளே விடுகிறார்கள். ஆலைச் செலவில் கணிசமான பங்கு இந்தச் சுத்தத்திற்கே.

பின்லாந்தின் நெஸ்டே 2007-இல் போர்வூவில் இதைத் தொடங்கி, 2010-இல் சிங்கப்பூரின் துவாஸிலும் 2011-இல் ராட்டர்டாமிலும் பேராலைகளை நிறுவியது. இத்தாலியின் எனி, வெனிஸில் இருந்த பெட்ரோலியச் சுத்திகரிப்பு ஆலையையே 2014-இல் இதற்கு மாற்றியது. புதிதாகக் கட்டுவதைவிட மாற்றுவது மலிவு, ஏனெனில் டீசலிலிருந்து கந்தகம் நீக்கும் உலைகளும் ஹைட்ரஜன் வசதியும் ஏற்கெனவே அங்கே நிற்கின்றன.

எஞ்சினில் போடும்போது

பயோடீசல் நல்ல கரைப்பான். பழைய டாங்கியில் படிந்திருக்கும் அழுக்கை முதல் சில வாரங்களில் கழற்றி ஃபில்டரில் கொண்டுவந்து சேர்க்கும். வண்டி இழுக்கவில்லை என்றால் எரிபொருளைத் திட்டுமுன் ஃபில்டரை மாற்றிப் பாருங்கள். இயற்கை ரப்பர் குழாய்கள் ஊறிப்போகும். செம்பும் பித்தளையும் துத்தநாகமும் அதைச் சீக்கிரம் கெடுக்கும். ஆறு மாதத்திற்கு மேல் வைத்திருக்க ஆகாது. 20 சதவீதத்துக்கு மேல் கலப்பதென்றால் எஞ்சின் செய்த நிறுவனம் ஒப்புக்கொள்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

குளிரில் எப்படி நடந்துகொள்ளும் என்பது மூல எண்ணெயைப் பொறுத்தது. நம் ஊர் உணவகங்களில் அதிகம் காய்வது பாமாயில். அதன் பயோடீசல் 13 முதல் 16 டிகிரியிலேயே கலங்கத் தொடங்கும். மதுரையில் ஆண்டு முழுக்கத் தொல்லையில்லை. மார்கழியில் ஊட்டிக்கு ஏறினால் விடியலில் டாங்கிக்குள் நெய்போல் உறைந்திருக்கும்.

புதுப்பிக்கத்தக்க டீசலுக்கு இந்த எச்சரிக்கைகள் தேவையில்லை. நிறமில்லாமல், ஏறக்குறைய வாடையே இல்லாமல் இருக்கும். எவ்வளவு சுலபமாகப் பற்றிக்கொள்ளும் என்பதைக் காட்டும் சீட்டேன் எண் 70-க்கு மேல். சாதாரண டீசலுக்கு 51. அடர்த்தி மட்டும் குறைவு, லிட்டருக்கு 780 கிராம் அளவில். அதனால் லிட்டர் கணக்கில் ஆற்றல் சில சதவீதம் குறையும். ஐரோப்பிய டீசல் தரம் 820-ஐக் கீழ்வரம்பாக வைத்திருப்பதால், சாதாரண டீசலில் 30 சதவீதம் அளவுக்குக் கலந்தால் அந்தத் தரத்துக்குள்ளேயே நிற்கும். உராய்வைத் தாங்கும் தன்மை இயல்பில் இல்லை. சேர்மானம் கலந்து விற்கிறார்கள். வேடிக்கை என்னவென்றால், அந்தத் தன்மை பயோடீசலுக்கு இயல்பிலேயே உண்டு. ஓரிரு சதவீதம் கலந்தாலே பம்பின் தேய்மானம் குறையும்.

எண்ணெய் சேகரிப்பவர்களுக்கு

இரண்டு வழிகளுக்கும் நல்ல மூலப்பொருள் என்பது கடைக்காரரின் கையில் இருக்கிறது. ஒரு நாளில் 50 லிட்டருக்கு மேல் எண்ணெய் பயன்படுத்தும் உணவு நிறுவனங்கள் கணக்கு வைத்து, அங்கீகாரம் பெற்ற சேகரிப்பாளரிடம்தான் பழைய எண்ணெயைக் கொடுக்க வேண்டும் என்பது உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி. ரூக்கோ என்ற பெயரில் 2018 ஆகஸ்டில் தொடங்கிய திட்டம் அந்தச் சங்கிலிக்காகத்தான். சங்கிலி அறுவது தள்ளுவண்டிக்கு மலிவாகக் கைமாறும் இடத்தில்.

கடையில் செய்ய வேண்டியது கொஞ்சமே. எண்ணெய் கைபொறுக்கும் சூட்டுக்கு ஆறியதும் வடித்து, மூடியுள்ள உலர்ந்த கேனில் ஊற்றுங்கள். பாத்திரம் கழுவிய நீர் ஒரு டம்ளர்கூட அதில் போகக்கூடாது. தண்ணீர் இருந்தால் கேனுக்குள்ளேயே அமிலம் நாளுக்கு நாள் ஏறும். ஆட்டுக்கொழுப்பையும் கழிவுநீர்த் தொட்டியில் மிதக்கும் கொழுப்பையும் தனிக் கேனில் வையுங்கள், அவற்றுக்கு வேறு விலை. எஞ்சின் ஆயில் வந்த கேனைக் கழுவிப் பயன்படுத்த வேண்டாம். அதில் ஒட்டியிருக்கும் துத்தநாகமும் கால்சியமும் எந்தக் கழுவலிலும் முழுக்கப் போகாது. ஒரு கேன் கலந்தாலும் மொத்த டாங்கரையே ஆலை திருப்பி அனுப்பலாம்.